பொன் கொழித்த மரவை

கோட்டையூர் மண்ணைத் தோண்டிப் பொன் எடுத்தவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. செம்புறாங்கல்லும் கருவேலும், கோடையில் வெடித்துக் கிடந்து ஐப்பசியில் நிறையும் ஊருணிகளும் கண்மாய்களுமாக விரிந்திருக்கும் அந்தப் பூமிக்குப் பொன் என்பது எந்நாளும் கப்பலேறி வந்த விருந்தாளியாகவே இருந்திருக்கிறது. ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் கடை வைத்து, மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்பிய நகரத்தார், தாம் போய்வந்த அந்த நெடும் பிரயாணத்தைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார்களே யொழிய, கொண்டு வந்ததைப் பற்றி உரக்கப் பேசும் வழக்கம் அவர்களிடம் இல்லை. வந்த பொன் உரைகல்லில் தேய்ந்து, தராசுத் தட்டில் குன்றிமணிக்கு எதிர்நிறையாக நின்று, பத்தர் பட்டறையில் உருகிக் கழுத்துருவாகிப் பெட்டக அறைக்குள் போய்விடும். பொன்னின் மாற்றை நாக்கு நுனியில் வைத்திருந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களில் ஒருவருக்காவது, அந்தப் பொன் ஆதியில் கல்லை விட்டும் மண்ணை விட்டும் எவ்வாறு பிரிந்தது என்ற விஷயத்தில் ருசி இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் இருந்ததில்லை, ஒரு பழைய மரச்சாமான் என் கைக்கு வந்து சேரும் வரையில்.

பழம்பொருளைப் பேணுவதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பலகைகளில் எழுத்தெழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, கோட்டையூரில் இருந்துகொண்டு, பிறர் எடைக்குப் போட்ட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் ஏறத்தாழ ஒரு லட்சம் வரை சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ சர்வகலாசாலை அவற்றை வாங்கி, தமிழ்நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தியது. காகிதத்துக்கு அந்த நற்கதி வாய்த்தது. பாத்திரங்களுக்கும் கருவிகளுக்கும் வாய்த்த கதி வேறு. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்து, கீழ்ப்பர்மாவின் நெல் வயல்களில் கால்பங்கு வரையில் கடனுக்கு ஈடாகக் கைவந்திருந்த நகரத்தாரின் செல்வம் ஒரே வருஷத்தில் காற்றோடு போனபின், பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் பித்தளைக் கொப்பரைகளும் பீங்கான் ஜாடிகளும் ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வண்டியேறின. இன்றும் அந்தத் தெருவில் நடப்பவன் பிறர் வீட்டுப் பாட்டிமார்களின் சமையலறைகளுக்குள் அனுமதியின்றி நுழைந்து வருகிற கூச்சத்தை அடையாமல் இருக்க முடியாது.

அங்கேதான் அந்த மரவையைப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு முழ நீளம், ஒரு முழ அகலம். ஆமையோட்டை மல்லாத்தி வைத்தாற்போல ஓரங்களில் மேலெழுந்து நடுவை நோக்கிச் சரியும் ஒற்றை மரத் தட்டு. சரிவு முடியும் நடுவிடத்தில் உள்ளங்கை கொள்ளும் ஒரு குழி.

“மாவு பிசையுற மரவைண்ணே. கேரளத்துச் சரக்கு. சுவத்துல மாட்டினா நல்லாருக்கும்,” என்றார் கடைக்காரர்.

மாவு பிசைகிற மரவைக்கு நடுவிலே குழி எதற்கு என்று நான் கேட்டதற்கு, “பழசுன்னா ஏதாச்சும் இருக்கும்ல?” என்பதே பதில். அந்தப் பதிலின் தத்துவத்தை மெச்சி, அவர் சொன்ன விலையில் கால்பங்கைக் குறைத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து, இரண்டாங்கட்டில் அதைக் கழுவி நிறுத்தியபோதுதான், பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஆச்சி காலத்து அரிக்கஞ்சட்டி கண்ணில் பட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோது இது மாவு பிசைகிற சாமான் அன்று என்பது விளங்கிற்று.

அரிக்கஞ்சட்டியை இக்காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க நியாயமில்லை. உட்புறம் முழுவதும் சிறு சிறு வரம்புகள் எழுப்பிய அந்தச் சட்டியில் அரிசியைக் கொட்டி, தண்ணீர் விட்டு, ஆச்சி கையை ஒரு பக்கமாகச் சுழற்றிச் சுழற்றி அசைக்கும்போது, அரிசி தண்ணீரோடு எழுந்து வரம்புகளைத் தாண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். அரிசியைவிடக் கனமான கல் வரம்புக்குக் கீழே தங்கிவிடும். பொன் அரிக்கும் வித்தை இதைத் தலைகீழாகத் திருப்பியதே. அங்கே தங்குவதை எறிந்து போவதை வைத்துக்கொள்கிறோம். இங்கே போவதை விட்டுத் தங்குவதைப் பற்றிக்கொள்கிறோம். தண்ணீரைப்போல ஆற்று மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். மணலோடு கலந்து வரும் கரிய இரும்பு மணல் ஐந்து மடங்கு. பொன்னோ பத்தொன்பது மடங்குக்கு மேல். இந்த வித்தியாசத்தை அறிந்து சாய்க்கவும் அசைக்கவும் தெரிந்த ஒரு கை இருந்தால், மரத்தட்டு ஒன்றே போதும். நீலகிரியின் மேற்குச் சரிவிலும் வயநாட்டிலும் சாலியாற்றங்கரை நிலம்பூரிலும் குறும்பர், பணியர் என்ற பழங்குடியினர் மழைக்காலம் தணிந்தபின் ஆற்று வண்டலை அள்ளி இப்படிப்பட்ட மரவைகளில் அரித்துப் பொன்துகள் எடுத்து வந்தார்கள். நான் வாங்கியது அந்த ஜாதிச் சாமான் என்று சபையேறி நிரூபிக்க என்னிடம் சாசனம் ஒன்றுமில்லை. குழியின் அடியில் படிந்திருந்த கருமணற் கறை ஒன்றே சாட்சி.

‘பொன் கொழிக்கும் நாடு’ என்று மேடைதோறும் சொல்லிச் சொல்லி நாம் தேய்த்துவிட்ட ஒரு சொற்றொடர் இருக்கிறது. கொழித்தல் என்பது மிகுதல் என்று மட்டுமே இப்போது பொருள்படுகிறது. சுளகில் தானியத்தை இட்டுப் பக்கவாட்டில் அசைத்து, கனமானதையும் நொய்யையும் வேறாக்கும் பெண்டிரின் கைத்தொழிலுக்கு அல்லவா அது முதற்பெயர்! ஆறு மணலைக் கரையில் ஒதுக்குவதும் கொழித்தல்தான். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல், அரித்தல் என்று ஒவ்வோர் அசைவுக்கும் வெவ்வேறு வினைச்சொல் வைத்திருக்கிற பாஷையில், பொன்னோடு கொழித்தலையும் அரித்தலையும் சேர்த்துச் சொன்னவன் வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லியிருக்கமாட்டான். தண்ணீரில் நின்று தட்டை அசைத்த எவனையோ கண்ணால் கண்டே சொல்லியிருப்பான் என்பது என் அபிப்பிராயம்.

மரவையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்து, அதில் நான் செய்த முதற்காரியமே பிழையாகப் போயிற்று. தேக்கு நிலைக்கதவுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். தேங்காய் நாரால் தேய்த்து அழுக்கைப் போக்கி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, வெடிப்புக் கண்ட இடத்தில் அரக்கைக் காய்ச்சி ஊற்றி, பிறகு நல்லெண்ணெயில் துணியை நனைத்துப் பூசிப் பத்து நாள் ஊறவிட்டேன். மரம் கறுத்து மின்னிற்று. முகம் பார்க்கலாம் போல இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் மயங்கியிருந்த வேளையிலேதான், காரைக்குடி நகைப் பட்டறைகளின் குப்பையை வாங்கி அரிக்கிற ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

இப்படி ஒரு தொழில் இன்றும் நடப்பதை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்தர் அரத்தால் ராவும்போதும், கம்பியச்சில் கம்பியை இழுக்கும்போதும், வெண்காரம் வைத்துப் பற்றவைக்கும்போதும் சிந்துகிற துகள், அவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், உலைச் சாம்பலிலும் பாயிலும் தரையிடுக்கிலும் கை கழுவுகிற வாளியிலும் போய்ச் சேருகிறது; கால்களில் ஒட்டி வாசலுக்கும், வாசலிலிருந்து சாக்கடைக்கும் போகிறது. அதை வீண்போக விடாமல், பட்டறைக் குப்பையைப் பேசி வாங்கியும், பொழுது விடிவதற்கு முன் கடைத்தெருவைக் கூட்டியும், சாக்கடை வண்டலை வாளியில் அள்ளியும் அரித்தெடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் கோயம்புத்தூர், மதுரை, கும்பகோணம் முதலிய ஊர்களில் இருக்கின்றன. சுரங்கம் இல்லாத ஊர்களின் சுரங்கம் அது. ஒரு துகளும் போகவிடாத இந்தச் சிக்கனம் மிகப் பழமையானது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியப் பிரயாணி வார்த்தெமா, அங்கிருந்த நாணயச் சோதகர்கள் உரைகல்லில் படிந்த பொற்கோட்டை மெழுகைப்போன்ற ஒரு கலவை உருண்டையால் ஒற்றியெடுத்து, உருண்டை பொன்னால் நிறைந்தபின் உருக்கிப் பிரித்துக்கொண்டதை வியந்து எழுதியிருக்கிறான். கல்லில் இழைத்த கோட்டுக்கே இந்தக் கணக்கு என்றால், சிந்திய துகளுக்குக் கேட்பானேன்!

பெரியவர் வந்தார், மரவையைத் தொட்டார், தொட்ட விரலை மோந்தார்.

“எண்ணெய் போட்டீங்களா?”

“ஆமாம். மரம் வெடிக்காமல் இருக்கட்டும் என்று.”

“கெடுத்தீங்களே ஐயா,” என்று சொல்லிவிட்டு, தாம் கொண்டு வந்திருந்த வண்டலில் ஒரு பிடியை அதில் போட்டு, கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி இரண்டு ஆட்டு ஆட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் தண்ணீரின் மேற்பரப்பைச் சுட்டிக் காட்டினார். மஞ்சள் பொடி தூவினாற்போல நுண்ணிய பொன் மிதந்து ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பது மடங்கு கனமென்று நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்த பொருள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியவுடன் தண்ணீரை ஒட்டாமல் அதன் தோலின்மேல் தக்கைபோல நின்றது. சுவரில் மாட்டுவதற்கு நான் செய்த அத்தனை சிங்காரமும் அந்தக் கருவியின் ஒரே வேலையைச் செய்யவொட்டாமல் அதைக் கட்டிப்போட்டிருந்தது.

பரிகாரத்தையும் அவரே செய்தார். சீயக்காயைக் கொதிக்கவைத்து ஊற்றி, செங்கற்பொடியால் தேய்த்து, மறுபடி சீயக்காய், மறுபடி வெந்நீர் என்று மூன்று நாள் வந்து போனார். மினுமினுப்புப் போய் மரம் வெளிறி மேற்பரப்புச் சொரசொரத்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. நான்காம் நாள் அதே பிடி வண்டலை இட்டு அசைத்தபோது வெண்மணல் முதலில் போயிற்று, கருமணல் பின்னே போயிற்று, பொன் ஒன்று மட்டும் அந்தச் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு குழியின் விளிம்பில் பிறைபோல நின்றது. எந்தச் சொரசொரப்பைக் குறை என்று நினைத்து நான் மெழுகிவிட்டேனோ, அதுவே அரிக்கஞ்சட்டியின் வரம்பு செய்யும் வேலையை இங்கே செய்துகொண்டிருந்தது.

அதற்குமேல் பாதரசத்தைச் சேர்த்துப் பொன்னைத் திரட்டி, துணியில் பிழிந்து, நெருப்பில் வாட்டுவது வழக்கம். பாதரசம் ஆவியாகிப் போக, பொன் தேன்கூடுபோல நின்றுவிடும். அந்தப் பகுதியை என் வீட்டில் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆவி மூச்சோடு போய் நரம்பைக் கெடுப்பது. பழைய கருவிகளைப் பழைய மாதிரியே பிரயோகிக்க வேண்டும் என்று வாதிப்பவர்கள் இந்த ஓர் இடத்திலாவது பிடிவாதத்தை விடுவது நல்லது.

இனி, மரத்தட்டிலிருந்து இரும்புக்கு வருவோம். ஆற்று மணலில் கிடக்கும் பொன்னை நீர் அரித்துத் தரும். வெண்கல் நாளத்துக்குள் அடைபட்ட பொன்னை, கல்லை மாவாக இடித்தால்தான் அரிக்க முடியும். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் வாரன், கோலாருக்குக் கிழக்கே மாரிக்குப்பத்தில், ஆடவர் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டிக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்டிர் அதைப் பாறைமேல் வைத்து இடித்துத் தூளாக்கி நீரில் அரிப்பதையும் பார்த்து எழுதிவைத்தார். அங்கே இடித்தது மனிதக் கை. அந்தக் கைக்குப் பதிலாக வந்ததுதான் ஸ்டாம்ப் மில் என்ற உலக்கை யந்திரம்.

நம் வீட்டு உலக்கையை அறிந்தவர்களுக்கு அதன் மர்மம் ஒன்றும் புதிதன்று. ஏழெட்டு நூறு ராத்தல் கனமுள்ள இரும்பு உலக்கைகள் ஐந்து வரிசையாக நிற்கும். கீழே இரும்பு உரல். உலக்கையின் நுனியில், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளத் தக்க பூண். நீராவியாலோ நீர்ச் சக்கரத்தாலோ சுழலும் ஓர் அச்சிலிருந்து நீண்ட வளைந்த கைகள் உலக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி, ஒரு சாண் உயரத்துக்குள் விட்டுவிடும். நிமிஷத்துக்கு எண்பது தொண்ணூறு குத்து. தூக்குகிற கை உலக்கையின் நடுவில் அல்லாமல் சற்று ஓரத்தில் பற்றுவதால், உலக்கை எழும்போதே கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. பூண் ஒரே பக்கமாகத் தேயாமல் காக்க, ஆச்சிமார் நெல் குத்தும்போது உலக்கையைக் கைக்குள் திருப்பிவிடுவார்களே, அதே யுக்தி. இடிபட்ட கல் நீரோடு சேர்ந்து சல்லடை வழியே வழிந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓட, பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த யந்திரங்களை நம்பித் தமிழ்நாட்டின் ஒரு மலைமூலை ஒரு காலத்தில் பட்ட பாடு கொஞ்சமன்று. இன்று நீலகிரி ஜில்லாவில் கூடலூருக்கு அப்பால் இருக்கும் தேவாலா, பந்தலூர் என்ற ஊர்களைச் சுற்றி, காப்பித் தோட்டங்கள் நோயால் நொடித்துக்கொண்டிருந்த சமயத்தில், பொன் இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. 1874-இல் ஆல்பா என்ற கம்பெனி தொடங்கிற்று. 1879-இல் இந்திய சர்க்கார், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ராஜ்யத்தில் சுரங்க இலாகாவை நடத்தியவரும், அந்நாட்டுப் பொன்வயல்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவருமான பிரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1880-இல் வந்ததுதான் தாமதம். லண்டன் நகரில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்து, ஐம்பது லட்சம் பவுன் அளவுக்கு மூலதனத்தைக் காகிதத்தில் காட்டின. யந்திரங்கள் கப்பலேறின, கரையிறங்கி மலைப் பாதைகளில் மாட்டின் கழுத்திலும் மனிதன் தோளிலும் ஏறின. காடு அழிந்து பங்களாக்கள் எழுந்தன. சோதனைக்குப் பொறுக்கியெடுத்த கல் பொன்னாக இருந்தது. டன் கணக்கில் இடித்த கல் கல்லாகவே இருந்தது. டன்னுக்கு அரைச் சவரன்கூடப் பல இடங்களில் தேறவில்லை. இரண்டு மூன்று வருஷங்களுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஊர்ப் பணியனின் மரவைக்குக் கிடைத்த கூலி லண்டன் பங்குதாரனுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போது, எனக்குச் சிரிப்பு வருவதை மறைக்கமாட்டேன். ஆனாலும் அந்த மலையில் காய்ச்சலால் மாண்ட கூலிகளை நினைக்கும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது.

தேவாலாவின் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே திறந்து கிடக்கும் சுரங்க வாய்களையும், கொடி படர்ந்து துருவேறிய இரும்புத் துண்டங்களையும் இன்றும் பார்க்கலாம். கள்ளத்தனமாக இறங்கிக் கல் வெட்டுவோர் அந்தப் பழைய குழிகளில் மண் சரிந்து இறந்த செய்தி அவ்வப்போது பத்திரிகைகளில் வருகிறது. அந்த இரும்பைத் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பார்க்க நம்மிடையே ஒருவரும் முன்வரவில்லை.

வயநாட்டை ஒட்டிய அந்த மலையில் தோற்றவர்கள் கோலாரில் ஜயித்தார்கள். வாரனின் பழைய குறிப்பைப் படித்த லவெல் என்ற ஐரிஷ்காரர் 1871-இல் மைசூர் சர்க்காரிடம் அனுமதி கோரியதும், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், முதலெல்லாம் கரைந்து மூடிவிடலாம் என்றிருந்த வேளையில் காப்டன் பிளம்மர் 1883-ஐ ஒட்டிச் சாம்பியன் நாளத்தைக் கண்டுபிடித்ததும் பலர் சொல்லிய கதை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர் அங்கே மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை இறங்கினார்கள். உச்ச காலத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவேரியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தபோது, விறகு எரித்து ஓடிய நீராவி எஞ்சின்கள் மெல்ல ஓய்ந்தன. சயனைட் முறை வந்தபின் பாதரசத் தகடுகளின் மகிமை குறைந்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், சுமார் 800 டன் பொன்னைக் கொடுத்துவிட்டு, 2001-ஆம் ஆண்டு பெப்ரவரி 28-ஆம் தேதி அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. கம்பிவடம் சுற்றிய ராட்டினக் கோபுரங்கள் சில வானத்தில் கோடு கிழித்தாற்போல நிற்கின்றன. அரைத்துத் துப்பிய மண் குன்றுகளாக நிற்கிறது. பழைய எஞ்சினின் ஓசையைக் கேட்டே இன்ன ஷாஃப்டில் கூண்டு இறங்குகிறது என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் அந்த ஊரில் குறைந்துகொண்டு வருகிறார்கள். இரும்பைப் பிறகு எங்கிருந்தாவது தேடி வாங்கிவிடலாம். அந்தக் காதை எங்கே போய் வாங்குவது?

வெளிநாடுகளில் இந்த விஷயத்தில் இரண்டு வழிகளைக் காண்கிறேன். நம்மவர் கடன் கொடுத்தும் கடை வைத்தும் நெருங்கிப் பழகிய மலாயாவில், ஈயம் அரித்த பெண்கள் கையில் வைத்திருந்த ‘டூலாங்’ என்ற மரத்தட்டு நம் மரவைக்கு உடன்பிறந்தாள் என்றே சொல்லலாம். ஈப்போவிலிருந்து திரும்பிய எங்கள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் அந்தச் சொல் அடிபடும். ஈப்போ அடங்கிய அதே கிந்தாப் பள்ளத்தாக்கில் பத்து காஜாவுக்கு அருகே, 1938-இல் கட்டி 1982 வரை ஓடிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயத் தூர்வாரி, 4,500 டன் கனமுள்ள மிதக்கும் மாளிகையாக நிற்கிறது. சாயாமல் தூக்கி நிறுத்தி, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, ஜனங்கள் ஏறிப் பார்க்க வகை செய்திருக்கிறார்கள். பெரிய காரியந்தான், ஆனால் அதன் வாளிச் சங்கிலி சுழலவில்லை. ஆஸ்திரேலியாவில், பிரஃப் ஸ்மித் அறிந்த அதே பொன்வயல் நாட்டில், பல்லாரத் நகரத்தில் 1970-இல் திறந்த ‘சவரின் ஹில்’ என்ற இடத்தில், கொதிகலனில் நீராவி ஏற்றி, எஞ்சினை ஓட்டி, உலக்கைகளைக் கல்லின்மேல் விழவிட்டுக் காட்டுகிறார்கள். கோலாருக்குச் சுரங்க மேஸ்திரிகளை அனுப்பிய கார்ன்வால் நாட்டில், காம்போர்ன் சுரங்கக் கலாசாலை 1897 முதல் மாணாக்கரைப் பழக்கிய ‘கிங் எட்வர்ட்’ சுரங்கத்தில், பழைய உலக்கை யந்திரத்தைச் செப்பனிட்டு மறுபடி இடிக்க வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுவது என்று துணிந்துவிட்டால் வேலையின் சுபாவமே மாறிவிடுகிறது. நிறுத்தி வைப்பதற்கு வர்ணம் போதும். ஓட வேண்டுமானால், அச்சைத் தாங்கும் வெள்ளை உலோகத்தைப் புதிதாக உருக்கி வார்க்க வேண்டும். தேய்ந்த பூணைக் கழற்றி, அதே அளவில் மர அச்சுச் செய்து, வார்ப்படசாலைக்குப் போக வேண்டும். தோல்வாருக்கு எண்ணெய் இட வேண்டும், பாதரசத் தகட்டின் பக்கம் எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தாமல் பார்க்க வேண்டும். அங்கேயும் பிசுக்கு ஏறினால் பொன் நழுவிப் போகும் என்பதைப் படித்தபோது, என் மரவையின் நினைவு வந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் தொழிலாளி ஏன் ஒரு மரையை இடப்பக்கம் திருப்பினான், ஏன் ஒரு குழாயைச் சற்றே சாய்த்து வைத்தான் என்பதெல்லாம், யந்திரம் ஓடாமல் முரண்டு பண்ணும்போதுதான் நமக்குப் புலப்படுகிறது. முரண்டு பண்ண இடங்கொடாத பொருட்காட்சிச் சாலையில் அந்தப் பாடம் நடப்பதில்லை.

பொன்னைத் தேடிப் போனவன் வேறு எதையாவது கண்டெடுப்பதும் உண்டு. ராய்ச்சூர்ப் பக்கத்தில், ஹட்டிச் சுரங்கத்துக்கு அணித்தான மஸ்கியில், பீடன் என்ற பொற்சுரங்க எஞ்சினியர் 1915-இல் பாறையில் வெட்டிய எழுத்தைக் கண்டு தெரிவித்தார். கல்வெட்டுகளில் ‘தேவானாம்பிரியன்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசன் அசோகனே என்பதை ஐயமற உறுதிசெய்த சாசனம் அது. பீடன் எத்தனை அவுன்ஸ் பொன் கண்டார் என்பதை இப்போது யார் கேட்கிறார்கள்!

எங்கள் கிணற்றடியில் கிடைத்த பொன்னின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் உழைப்பில், வண்டல் அனைத்தையும் அரித்து முடித்தபின், ஆச்சியின் பழைய தராசில் வைத்தோம். ஒரு தட்டில் குன்றிமணி. மறு தட்டில் பொன். குன்றிமணித் தட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெரியவர் அதை மடித்த காகிதத்தில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். வண்டல் அவருடையது, ஆகவே பொன்னும் அவருடையது.

“எண்ணெய் போடாம மரம் வெடிக்காதா?” என்று கடைசியாகக் கேட்டேன்.

“வேலை செஞ்சுக்கிட்டே இருந்தா எதுக்கு வெடிக்குது? தண்ணியில கெடக்கட்டும் ஐயா. நான் சித்திரையில வருவேன்.”

சொன்னபடி இரண்டு சித்திரை வந்து போனார். வீட்டுக்கு வருகிறவர்கள், இவ்வளவு பழைய சாமானைச் சுவரில் மாட்டாமல் கிணற்றடியில் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று கேட்கிறார்கள். முகப்பில் அதற்காக அடித்த ஆணியில் இப்போது குடை தொங்குகிறது. மரவை தொட்டித் தண்ணீரில் அரிக்கஞ்சட்டிக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருக்கிறது.